கட்ட முடியாத நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

பொதுத்துறை வங்கி ஒன்றில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் இல்லை, பொருளாதாரப் பேராசிரியரும் இல்லை. ஒரு நாடு பணக்கார நாடாவதிலும் இன்னொன்று ஏழையாகவே கிடப்பதிலும் சட்டத்துக்கு என்ன பங்கு என்று பேச வேண்டும் என நிலையத்தார் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் கடன் விண்ணப்பத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்குமே, அது மட்டும்தான். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தர்மபுரிப் பக்கம் ஒரு கிளையில் இருந்தபோது, கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கேட்டு ஒரு விவசாயி வந்தார். கையில் மஞ்சள் பை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து செலோடேப் ஒட்டிய மூலப்பத்திரம், ரப்பர் பேண்டு போட்ட கிஸ்தி ரசீதுகள், ஒரு பட்டா. பட்டா அவருடைய தாத்தா பெயரில் இருந்தது. தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள். வாய்மொழியாகப் பாகம் பிரித்து, வரப்பு போட்டு, 40 வருடமாக அவரவர் பங்கை அவரவர் உழுதுகொண்டிருக்கிறார்கள். எந்த வயல் யாருடையது என்று ஊரில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். என் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. "உங்கள் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டு, 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்றும் எடுத்து வாருங்கள்" என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் கேட்டார்: "சார், ஒருவேளை கட்ட முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாங்க" என்றேன். மழுப்பல் பதில். அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொள்ளப் பல வருடம் ஆனது. இன்றைக்குப் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

பத்திரம் இல்லாத சொத்தைப் பற்றி உலகம் முழுக்கப் பேச வைத்தவர் பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோ. 1980களில் அவருடைய குழுவினர் ஒரு வேலை செய்தார்கள். லிமா நகரத்து ஓரத்தில் சின்னதாக ஒரு தையல் பட்டறை தொடங்குவதாக வைத்துக்கொண்டு, அதற்கான எல்லா அனுமதியையும் முறைப்படி வாங்கிப் பார்த்தார்கள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 289 நாள் ஆனது. தையல் மெஷினை நம்பிப் பிழைக்கிறவனால் 289 நாள் காத்திருக்க முடியுமா? அவன் அனுமதி வாங்காமலே தைப்பான். வீடும் அப்படித்தான், பத்திரம் இல்லாமலே கட்டுவான். ஏழைகளிடம் சொத்து இல்லாமல் இல்லை, அது சட்டத்தின் கண்ணில் படாத சொத்தாக இருக்கிறது, அதனால் ஈடு வைக்க முடியாமல் முடங்கிக் கிடக்கிறது என்பது டி சோட்டோவின் வாதம். மஞ்சள் பைக்காரரை நேரில் பார்த்த எனக்கு, இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

பெரு அரசும் கேட்டுக்கொண்டது. 1996-ல் தனி அமைப்பு தொடங்கி, சில வருடங்களிலேயே நகர்ப்புறக் குடியிருப்புகளில் சுமார் 12 லட்சம் பட்டா கொடுத்தார்கள். அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் சுவாரசியம். எரிக்கா ஃபீல்ட் என்ற பொருளாதார ஆய்வாளர் அந்தக் குடும்பங்களை ஆராய்ந்தார். பட்டா வாங்கிய வீடுகளில் பெரியவர்கள் வெளியே போய் வேலை செய்யும் நேரம் கூடியிருந்தது, பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்திருந்தது. காரணம் எளிமையானது. பட்டா இல்லாதபோது வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் வேறு எவனாவது உள்ளே புகுந்துவிடுவான் என்ற பயம். யாராவது ஒருவர் காவலுக்கு வீட்டிலேயே கிடக்க வேண்டும். காகிதம் வந்ததும் காவல்காரருக்கு விடுதலை. சட்டம் செய்த வேலைகளில் இதை நான் மிக அழகான வேலை என்பேன். புறம்போக்கில் வீடு கட்டிய யாரிடமாவது கேட்டால் இது ஆராய்ச்சியே இல்லாமல் தெரிந்திருக்கும், அது வேறு விஷயம்.

ஆனால் தனியார் வங்கிகளின் கடன்? அது குறிப்பிடும்படியாகக் கூடவில்லை. அர்ஜென்டினாவிலும் இதே கதை. 1981-ல் புவனோஸ் ஐரிஸுக்குப் பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ சொலானோ என்ற இடத்தில் ஏழைக் குடும்பங்கள் காலி நிலத்தில் குடியேறின. நிலத்துச் சொந்தக்காரர்களில் சிலர் அரசு கொடுத்த இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒருவருக்குப் பட்டா, இன்னொருவருக்கு இல்லை. பின்னால் போய்ப் பார்த்தபோது பட்டா கிடைத்தவர்களின் வீடுகள் நல்ல சுவரும் கூரையுமாக நின்றன, பிள்ளைகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள். வங்கிக் கடனில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

ஏன் என்று ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த அனுபவத்தில் நானும் ஒன்று சொல்கிறேன். நாங்கள் பார்ப்பது முதலில் வருமானத்தை, பிறகுதான் ஈட்டை. ஈடு என்பதும், விற்று எடுக்க முடிந்தால்தான் ஈடு. ஒரு ஏழையின் வீட்டையோ வயலையோ ஏலத்துக்கு விட்டால் அந்த ஊரில் யாரும் கேட்க வர மாட்டார்கள். வெளியூர்க்காரன் எடுத்தால் ஊருக்குள் கால் வைக்க முடியாது. நம் நாட்டில் வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டைக் கைப்பற்ற வழி செய்த 2002-ஆம் வருடச் சட்டம்கூட விவசாய நிலத்தைத் தொடாது. ஆகப் பட்டா என்பது பாதிச் சட்டம்தான். கட்ட முடியாமல் போகிற நாளில் என்ன நடக்கும் என்பது மீதிப் பாதி. கடன் வாங்குகிறவன், கொடுக்கிறவன் இருவருமே மனதுக்குள் அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த மீதிப் பாதி கடன் கொடுத்தவன் பக்கம் மட்டுமே சாய்ந்திருந்தால் என்ன ஆகும்? இதற்கு பர்மாவை விடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

1852-ல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தபோது ஐராவதி டெல்டாவின் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. 1876-ல் ஒரு நிலச்சட்டம் வந்தது. காட்டை வெட்டித் திருத்தி, 12 வருடம் தொடர்ந்து அனுபவித்து, வரியும் கட்டியவனுக்கு அந்த நிலம் சொந்தம். பிள்ளைக்கு விடலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம். டி சோட்டோ கேட்டது கிட்டத்தட்ட இதைத்தானே! அவருக்கு நூறு வருடம் முன்னாலேயே டெல்டாவில் அது நடந்துவிட்டது.

நிலம் ஈடாக மாறியதும் பணம் வந்தது. வெள்ளைக்காரர்களின் வங்கிகள் விவசாயியிடம் நேராகப் போகவில்லை. போனவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கிகள், அதாவது அவர்கள் கடை நடத்திய பொதுக் கட்டடங்கள். ஒரே கூடத்தில் பல விலாசங்கள், அதாவது தனித்தனிக் கடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டகம், ஒரு கைப்பெட்டி, உட்கார ஒரு பாய். செட்டிநாட்டிலிருந்து மூன்று வருடக் கணக்குக்கு வந்த ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அவர்களுக்குக் கோர்ட் தேவைப்படவில்லை. சொல் தவறினால் ஊரில் பெண் கிடைக்காது. ஆனால் பர்மிய விவசாயியிடம் அந்தக் கட்டுப்பாடு செல்லுமா? அங்கே பத்திரமும் அடமானமும் கோர்ட்டும் தேவைப்பட்டன. ஒரே பேரேட்டின் ஒரு பக்கம் சாதிக் கட்டுப்பாடு, மறுபக்கம் பிரிட்டிஷ் சட்டம்.

வளர்ச்சி என்றால் அப்படி ஒரு வளர்ச்சி. 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். கீழ் பர்மாவின் நெல் சாகுபடி 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அந்த வருடம் யாராவது "சட்டம் வந்தால் வளர்ச்சி வரும்" என்று வானொலியில் உரை நிகழ்த்தியிருந்தால், பர்மாவை உதாரணம் காட்டி ஜோராக முடித்திருப்பார்.

உலக மந்தம் வந்தது. நெல் விலை கிட்டத்தட்டப் பாதியானது, கடன் மட்டும் பாதியாகவில்லை. பத்திரத்தில் எழுதியது எழுதியதுதான். விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. செட்டியாருக்கோ நிலம் வேண்டியதில்லை, அவர் உழவரா என்ன? அவருக்கு வேண்டியது ரொக்கம், ஏனென்றால் அவரும் தவணைக்கு வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும். ரொக்கம் வராதபோது சட்டம் அவர் கையில் கொடுத்தது நிலத்தை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் அவர்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938 வாக்கில் சுமார் 25 சதவீதம். எட்டு வருடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலம் கைமாறியது. அதுவும் சட்டம் காட்டிய வழியிலேயே மாறியது.

பஞ்சாபில் இதே ஆபத்தைப் பார்த்த ஆங்கிலேயர், விவசாயி அல்லாதவருக்கு நிலம் போவதைத் தடுத்து 1900-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். பட்டாளத்துக்கு ஆள் தரும் பஞ்சாபைப் பகைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் இல்லை. பர்மாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அதிகாரிகள் சிலர் எழுதத்தான் செய்தார்கள், மசோதாக்கள் கிடப்பில் போயின. கடைசியில் 1939-ல் சட்டம் வந்தபோது, வெள்ளம் போன பிறகு போட்ட அணையாக இருந்தது. நடுவில் 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகளின் கிளர்ச்சி, 1938-ல் இந்தியர்களுக்கு எதிரான கலவரம். சுதந்திரம் கிடைத்த 1948-லேயே நில தேசியமயச் சட்டம்.

காரைக்குடிப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஒரு பெரியவர் தன் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டுப் பத்திரம் காட்டினார். பர்மிய எழுத்து, வட்டம் வட்டமாக. அரக்கு முத்திரை நிறம் மங்காமல் இருந்தது. ஒரு வங்கிக்காரனாகச் சொல்கிறேன், அத்தனை சுத்தமான ஆவணத்தை என் மேசையில் நான் பார்த்ததில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. எலி கடிக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

இப்போது பணக்கார நாட்டுப் பக்கம் வருவோம். பணக்கார நாடுகளில் கடன் கொடுத்தவனுக்கு இரும்புப் பிடி கொடுத்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டெக்சாஸைப் பாருங்கள். 1839-ல் அது இன்னும் அமெரிக்காவோடு சேராத தனிக் குடியரசு. இரண்டு வருடம் முன்புதான் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி. கடனில் மூழ்கியவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரவோடு இரவாக டெக்சாஸுக்கு ஓடிவந்தார்கள். அந்தக் குடியரசு போட்ட சட்டம், கடனுக்காக எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியல் போட்டது. 50 ஏக்கர் நிலம், அல்லது ஊருக்குள் ஒரு மனையும் வீடும். உழவுக் கருவி, தொழில் கருவி, புத்தகம். 5 கறவை மாடு, ஒரு ஜோடி உழவு மாடு அல்லது ஒரு குதிரை, 20 பன்றி, ஒரு வருடத்துக்கான சாப்பாட்டுப் பொருள். மனிதன் எழுந்து நிற்க என்னென்ன வேண்டும் என்று வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து எழுதியது போல இருக்கிறது. அந்த "மனிதன்" பெரும்பாலும் வெள்ளைக் குடியேறிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே டெக்சாஸில் அடிமைகள் ஆள் கணக்கில் வரவில்லை, சொத்துக் கணக்கில் வந்தார்கள்.

வீடு வாங்கின கடனுக்கு வீட்டை ஈடு வைக்கலாம். ஆனால் சொந்த வீட்டை வைத்துச் செலவுக்குக் கடன் வாங்குவதை டெக்சாஸ் 1997 வரை அனுமதிக்கவில்லை. அதற்கப்புறமும் மொத்தக் கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கடிவாளம் போட்டுத்தான் விட்டார்கள். அதனால் டெக்சாஸ் ஏழையாகிவிடவில்லை.

நம் சட்டமும் இரக்கம் கெட்டது அல்ல. 1908-ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவை ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, விவசாயியின் ஏர் கலப்பை, மாடு, விதை நெல், இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையையும் தொடக் கூடாது. தாலி என்ற சொல் அதில் இல்லை, ஆனால் எழுதியவர் மனதில் அது இருந்திருக்கும். என்ன, அடமானமாகவே எழுதிக் கொடுத்த நிலத்தை இந்தப் பிரிவு காப்பாற்றாது. டெல்டா விவசாயி எழுதிக் கொடுத்தது அதைத்தான்.

கடனில் மூழ்கியவன் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வழி உண்டா? அமெரிக்காவில் திவால் என்பது கிட்டத்தட்ட ஒரு வியாபார நடவடிக்கை. நம்மிடம் 2016-ல் நல்ல சட்டம் வந்தது, கம்பெனிகளுக்கு நடைமுறையிலும் இருக்கிறது. தனி மனிதருக்கான பகுதியோ, கம்பெனிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அமலுக்கு வரவில்லை. அவர்களுக்கு இன்னும் 1909, 1920-ஆம் வருடத்துச் சட்டங்கள்தான். ஊர் மொழியில் மஞ்சள் கடுதாசி. "அவன் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்று டீக்கடையில் சொல்கிற தொனியை யோசித்துப் பாருங்கள். அதற்குப் பயந்தே கந்து வட்டிக்கு மேல் கந்து வட்டி வாங்கிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எல்லா நேரமும் கடன் வாங்கினவன்தான் பாவம் என்றும் சொல்லிவிட முடியாது. திருப்பூர்ப் பக்கம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பனியனுக்கு பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்பவர். ஒரு பெரிய பார்ட்டி கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பியது. மெமோவை என் கையால்தான் கொடுத்தேன். 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. செக் மோசடிக்கு 1988-ல் சேர்த்த 138-ஆவது பிரிவு, காகிதத்தில் கத்தி மாதிரி இருக்கும். வழக்கை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. நடைமுறையில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. 2019 முடிவில் நாட்டில் தேங்கியிருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் இந்த செக் வழக்குகள்தான் என்று உச்ச நீதிமன்றத்திலேயே பதிவானது. எங்கள் ஆள் நாலு வருடம் அலைந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் மெஷின் நிற்கும். கடைசியில் பாதித் தொகைக்கு சமரசம். அதற்கப்புறம் அவர் சொந்தக்காரர்கள், சொந்த ஊர்க்காரர்கள் தவிர வேறு யாருக்கும் பிரிண்ட் போடுவதில்லை. இரண்டாவது மெஷினை விற்றுவிட்டார்.

பாருங்கள், மொகல் தெருக் கிட்டங்கிக்குள் இருந்த அதே கட்டுப்பாட்டுக்கே அவர் திரும்பிப் போய்விட்டார். முகம் தெரியாதவனோடு துணிந்து வியாபாரம் செய்ய ஒரு கோர்ட் வேண்டும். அது பத்து வருடம் இழுத்தால் இல்லாததற்குச் சமம்தான். டெல்டாவில் பலவீனமானவனிடம் சட்டம் வேகமாக நடந்தது, இங்கே பலசாலியிடம் மெதுவாக நடக்கிறது.

சீனாவில் சட்டமா வளர்ச்சியைக் கொண்டுவந்தது என்று நேயர்களில் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனியார் சொத்துக்கு அங்கே அரசியல் சாசனப் பாதுகாப்பு 2004-ல்தான் வந்தது, சொத்துச் சட்டம் 2007-ல். வளர்ச்சி அதற்கு 25 வருடம் முன்பே புறப்பட்டுவிட்டது. 1978-ல் அன்ஹுயி மாகாணத்து சியாவோகாங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூட்டுப்பண்ணை நிலத்தைத் தங்களுக்குள் ரகசியமாகப் பிரித்துக்கொண்டு ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். அன்றைக்கு அது குற்றம். எனக்கு அந்தக் காகிதத்தில் பிடித்தது வேறொரு வரி. நம்மில் யாராவது இதற்காகச் சிறைக்குப் போனால், அவர் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கெட்ட நாளுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஏர் பூட்டினார்கள்.

தர்மபுரிக்காரர் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். பட்டா அவர் பெயரில் இருந்தது. பெங்களூரில் இருந்த சித்தப்பா மகனைக் கையெழுத்துக்குக் கூட்டிவர மூன்று முறை பஸ் ஏறியிருக்கிறார். நான் கணக்குப் போட்டு, மூன்று லட்சம் வரை கொடுக்கலாம் என்றேன். அவர் 80,000 போதும் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டு மாடு இருக்குதுங்க. மழை பொய்ச்சாலும் மாட்டை வித்து அடைச்சிடுவேன். அதுக்கு மேல வேண்டாம்."

அந்தப் பணத்தில் கிணறு ஆழமாகவில்லை. இருந்த கிணற்றைத் தூர் வாரி, மோட்டாரை மாற்றிக்கொண்டார்.

வணக்கம்.